96 சதவீதம் பேருக்குச் சொந்த வீடு, பிறகு ஏன் இத்தனை கடன்?

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சீன நகரங்களில் 100 குடும்பத்தில் 96 குடும்பத்துக்குச் சொந்த வீடு இருக்கிறது என்பது உண்மையா? உண்மை என்றால், வீட்டுக்கடன் கட்ட முடியாமல் ஜனங்கள் தவிக்கிறார்கள் என்று செய்தி வருவது எப்படி? கட்ட முடியாதவர்கள், அமெரிக்காவில் 2008 வாக்கில் நடந்ததுபோல, சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு விலகிவிட முடியாதா?

இரண்டு செய்தியும் உண்மைதான். வீட்டை வைத்திருக்கும் குடும்பமும் கடனைச் சுமக்கும் குடும்பமும் பெரும்பாலும் வேறு வேறு தலைமுறை. சராசரி எண்ணில் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் குழப்பம்.

அந்த 96 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். சீன மக்கள் வங்கி, அதாவது அவர்களுடைய ரிசர்வ் வங்கி, 2019 அக்டோபரில் 30,000க்கும் மேற்பட்ட நகரக் குடும்பங்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதில் 96 சதவீதம் பேர் சொந்த வீடு இருப்பதாகச் சொன்னார்கள். 31 சதவீதம் பேருக்கு இரண்டு வீடு, 10.5 சதவீதம் பேருக்கு மூன்றோ அதற்கு மேலோ. ஒரு குடும்பத்தின் சராசரி சொத்து சுமார் 31.8 லட்சம் யுவான். அதில் 59 சதவீதம் வீடுதான். 56.5 சதவீதக் குடும்பங்களுக்குக் கடன் இருந்தது, மொத்தக் கடனில் முக்கால் பங்கு வீட்டுக்கடன். ஆனால் கடனையும் சொத்தையும் ஒப்பிட்டால் 9 சதவீதம்தான் வருகிறது. இதை மட்டும் பார்ப்பவர், 100 ரூபாய் சொத்துக்கு 9 ரூபாய்தானே கடன், இதில் என்ன ஆபத்து என்று கேட்பார்.

அங்கேதான் நிதானிக்க வேண்டும். அதே கணக்கெடுப்பில், மேல்தட்டு 10 சதவீதக் குடும்பங்கள் மட்டும் மொத்தச் சொத்தில் 47.5 சதவீதத்தை வைத்திருந்தன. மூன்று வீடு வைத்து ஒரு பைசா கடன் இல்லாத குடும்பத்தையும், ஒரே ஃப்ளாட்டுக்கு 30 வருடக் கடன் வாங்கிய குடும்பத்தையும் கூட்டி வகுத்தால் இரண்டும் வசதியாகத்தான் தெரியும். இன்னொன்று, நகரத்தில் வேலை செய்யும் கிராமத்து ஆட்கள். 2019ல் இவர்கள் சுமார் 29 கோடிப் பேர். ஊரில் கூட்டு நிலத்தில் இவர்களுக்கு வீடு இருக்கும். அதை நகரத்துக்காரருக்கு விற்க முடியாது, வங்கியில் ஈடாக வைப்பதும் அநேகமாக நடக்காத காரியம். ஷென்சென் ஆலை விடுதியில் எட்டுப் பேரோடு படுத்திருக்கும் தொழிலாளியும் ஊர்க்கணக்கில் வீட்டுக்காரர்தான். ‘சொந்த வீடு இருக்கிறது’ என்பதற்கு ‘சொந்த வீட்டில் வாழ்கிறார்’ என்று பொருள் இல்லை.

இனி தலைமுறைக் கதைக்கு வருகிறேன். இது தெரியாமல் சீன வீட்டுக்கடனைப் புரிந்துகொள்ளவே முடியாது.

1990கள் வரை நகரத்துச் சீனருக்கு வீடு என்பது வேலையோடு வருவது. ஆலை, பள்ளி, ரயில்வே, அரசு அலுவலகம் என்று வேலை தரும் அமைப்பை அவர்கள் ‘டான்வெய்’ என்பார்கள். டான்வெய் கட்டிய நாலைந்து மாடிக் குடியிருப்பில் இடம் ஒதுக்குவார்கள், வாடகை பெயரளவுக்குத்தான். நம்மூர் ரயில்வே குவார்ட்டர்ஸை ஒரு நாட்டின் எல்லா நகரங்களுக்கும் விரித்துப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான். இடம் மட்டும் மிகக் குறைவு. 1978ல் நகரத்தில் தலைக்கு 6.7 சதுர மீட்டர், ஒரு சின்ன அறையில் பாதி. சமையலறையும் கழிப்பறையும் பல குடும்பங்களுக்குப் பொது.

1998ல் ஜு ரொங்ஜி பிரதமராக இருந்தபோது இந்த ஒதுக்கீட்டை நிறுத்தினார்கள். இனி வீடு வேண்டும் என்றால் சந்தையில் வாங்கு என்று ஆனது. ஆனால் ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு அவரவர் வீட்டையே விற்றார்கள். கட்டுமானச் செலவை ஒட்டிய விலை, அதிலும் எத்தனை வருடம் வேலை செய்தீர்களோ அதற்குக் கழிவு. கணவன் மனைவி இருவரும் ஆலையில் இருபது வருடம் உழைத்தவர்கள் என்றால், சில பத்தாயிரம் யுவானுக்கு வீடு கையில் வந்துவிடும். சேமிப்பில் கொடுத்தார்கள், கடன் தேவைப்படவில்லை. உலகத்தில் இதுவரை நடந்த மிகப் பெரிய சொத்துக் கைமாற்றங்களில் இதுவும் ஒன்று. அந்த 96 சதவீதத்தின் அடித்தளம் இதுதான். பெய்ஜிங்கின் உள்வட்டத்தில் அப்படி வாங்கிய ஒரு பழைய ஃப்ளாட், இருபது வருடத்தில் பல பத்து லட்சம் யுவான் விலைக்குப் போனது. வாங்கியவர் சாமர்த்தியசாலி என்பதால் இல்லை, சரியான வருடத்தில் சரியான வேலையில் இருந்தார், அவ்வளவுதான்.

அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. 2005க்குப் பிறகு கல்யாணம் செய்த தலைமுறை சந்தை விலை கொடுத்தது, அந்த விலையோ ஏறிக்கொண்டே போனது. ‘ஃபாங்நூ’, வீட்டுக்கு அடிமை, என்ற சொல் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தது. 2007ல் சீனக் கல்வி அமைச்சகமே அதைப் புதுச் சொற்களின் பட்டியலில் சேர்த்தது.

விலை ஏன் அப்படி ஏறியது என்பதற்கு ஒரு நீளமான பொருளாதார விளக்கம் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். நகர நிலம் முழுக்க அரசுக்குச் சொந்தம். வீடு வாங்குபவருக்குக் கிடைப்பது 70 வருடப் பயன்பாட்டு உரிமை. (முடிந்ததும் தானாகவே புதுப்பிக்கப்படும் என்று 2021ல் அமலான சிவில் சட்டத் தொகுப்பு சொல்கிறது, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பின்னர் தீர்மானிக்க விட்டிருக்கிறார்கள்.) 1994 வரிச் சீர்திருத்தத்தில் வரி வருமானத்தின் பெரும்பகுதி பெய்ஜிங்குக்குப் போனது. நகராட்சிகளுக்குக் கையில் மிஞ்சியது நிலம். நிலத்தை ஏலம் விட்டே சாலை போட்டார்கள், மெட்ரோ கட்டினார்கள். 2021ல் மட்டும் நில விற்பனையில் வந்தது 8.7 லட்சம் கோடி யுவான். விலை இறங்குவதை எந்த நகராட்சி விரும்பும்?

வாங்குபவர் பக்கத்துக் காரணங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச விரும்புகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயம்.

வங்கி வைப்புக்கு வட்டி சொற்பம். பங்குச் சந்தை 2015ல் விழுந்தபோது சாதாரண ஜனங்கள் நன்றாகவே அடிபட்டார்கள். வெளிநாட்டுக்குப் பணம் கொண்டுபோகத் தலைக்கு வருடம் 50,000 டாலர் அந்நியச் செலாவணி வரம்பு, அதையும் அங்கே சொத்து வாங்கப் பயன்படுத்தக் கூடாது. மிச்சம் பிடித்த காசை எங்கே வைப்பது? வீட்டில்தான். மேலும் வீடு வெறும் வீடாக இல்லை. எந்தப் பள்ளி வட்டாரத்தில் வீடு இருக்கிறதோ அந்த அரசுப் பள்ளியில்தான் பிள்ளைக்கு இடம், அதனால் நல்ல பள்ளி இருக்கும் தெருவில் இடிந்து விழும் நிலையில் உள்ள 40 சதுர மீட்டர் வீட்டுக்கும் அடிதடி. ஊர்ப்பதிவான ‘ஹுகோ’வை மாற்றப் பல நகரங்களில் வீடு உதவும். கல்யாணம் இதையெல்லாம் மிஞ்சியது. பெண் குழந்தைகள் குறைவாகப் பிறந்த நாடு அது, 2004 வாக்கில் 100 பெண் குழந்தைக்கு 121 ஆண் குழந்தை பிறந்தது, அதனால் பையன்களுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம். பெண் வீட்டார் முதலில் கேட்பது ‘வீடு இருக்கிறதா’ என்றுதான். ஒரு விவசாயக் குடும்பம் பக்கத்து வட்டத் தலைநகரில் பையன் பெயரில் ஃப்ளாட் வாங்குகிறது என்றால் அது முதலீடே இல்லை, கல்யாணச் செலவு.

முன்பணம் எங்கிருந்து வரும்? ‘ஆறு பர்ஸ்’ என்று அவர்கள் சொல்வார்கள். மாப்பிள்ளையின் பெற்றோர், அவருடைய அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி, அதுபோலவே பெண்ணுக்கும் மூன்று. ஆறு வீட்டுச் சேமிப்பும் ஒரே ஃப்ளாட்டின் முன்பணத்தில் போய்விடும். இது வங்கிக் கணக்கில் எங்கும் கடனாகத் தெரியாது. பழைய டான்வெய் வீட்டை விற்றுப் பிள்ளையின் முன்பணத்துக்குக் கொடுத்த பெற்றோர் ஏராளம். ஆகவே கடன் விகிதம் குறைவு என்று சொல்லும்போது, அந்த முன்பணம் என்பது மூன்று தலைமுறையின் முதுமைக்கால இருப்பு என்பதை மறக்கக் கூடாது.

சம்பளக்காரர்களுக்கு வீட்டு வருங்கால வைப்பு நிதியும் உண்டு. சிங்கப்பூர் முறையைப் பார்த்து ஷாங்காய் 1991ல் தொடங்கியது. தொழிலாளியும் நிறுவனமும் சம்பளத்தில் 5 முதல் 12 சதவீதம் வரை ஆளுக்கு ஒரு பங்கு போடுவார்கள். அதிலிருந்து வங்கியைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். ஆனால் பெரிய நகரத்தில் அதன் உச்சவரம்பு வீட்டு விலையில் ஒரு பகுதிக்குத்தான் வரும். மீதிக்கு வங்கிதான்.

வங்கிக் கடனை ஒரு உதாரணக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் வலி அங்கேதான் இருக்கிறது. 2021ல் ஒரு தம்பதி 30 லட்சம் யுவானுக்கு ஃப்ளாட் வாங்குகிறார்கள். 30 சதவீதம் முன்பணம், அதாவது 9 லட்சம், ஆறு பர்ஸிலிருந்து. மீதி 21 லட்சம் கடன், 30 வருடம், வட்டி 5.88 சதவீதம் (வூஹான் போன்ற நகரங்களில் அப்போது சாதாரணமாக இருந்த விகிதம்). மாதத் தவணை 12,429 யுவான். முதல் மாதத் தவணையில் 10,290 வட்டிக்கே போய்விடும், அசல் குறைவது 2,139. வட்டி மாறவில்லை என்றே வைத்துக்கொண்டால், நாலு வருடத்தில் அவர்கள் கட்டியது ஏறக்குறைய 6 லட்சம். அசலில் கழிந்தது 1.15 லட்சம், நிலுவை 19.85 லட்சம். இந்த நாலு வருடத்தில் வீட்டு விலை 35 சதவீதம் இறங்கினால் வீட்டின் மதிப்பு 19.5 லட்சம். வீட்டை விற்றாலும் கடன் அடையாது. முன்பணமும் தவணையுமாக 15 லட்சம் கொடுத்த பிறகு, கைக்காசு போட்டுத்தான் வெளியே வர முடியும்.

விலை இறங்கியது எப்படி என்பது பலருக்கும் தெரிந்த கதை. ‘வீடு குடியிருக்கத்தான், சூதாட இல்லை’ என்று ஷி ஜின்பிங் 2016 கடைசியிலிருந்தே சொல்லிவந்தார். 2020 ஆகஸ்டில் பில்டர்களின் கடனுக்கு ‘மூன்று சிவப்புக் கோடுகள்’ என்ற மூன்று வரம்புகளைப் போட்டார்கள். புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைத்துக்கொண்டிருந்த நிறுவனங்களுக்கு மூச்சு முட்டியது. 30,000 கோடி டாலருக்கு மேல் பொறுப்புகள் வைத்திருந்த எவர்கிராண்ட் என்ற பெரிய பில்டர் நிறுவனம் 2021 டிசம்பரில் தவணை தவறியது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. இன்னொரு பெரிய பில்டரான கன்ட்ரி கார்டன் 2023 அக்டோபரில் தவறியது.

பில்டர் விழுந்தால் குடும்பத்துக்கு என்ன என்று கேட்கலாம். இங்கே சீன நடைமுறையின் ஒரு கொடுமையைச் சொல்ல வேண்டும். அங்கே புது வீடுகளில் மிகப் பெரும்பான்மை கட்டி முடிக்கும் முன்பே விற்கப்பட்டவை. ஹாங்காங்கில் தொடங்கிய பழக்கம் அது. விற்பனை அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டிக் குட்டிக் கோபுரங்கள், பச்சை மரங்கள், நீல நிற நீச்சல் குளம் வைத்த ஒரு சின்ன மாடல் இருக்கும். விற்பவர் லேசர் விளக்கால் பதினெட்டாவது மாடியில் ஒரு ஜன்னலைக் காட்டுவார். அந்த ஜன்னலுக்குத்தான் கையெழுத்து. நம்மூரில் வங்கிகள் பொதுவாகக் கட்டடம் எழ எழக் கட்டம் கட்டமாகப் பணம் விடுவிக்கும். அங்கே கடன் முழுவதையும் ஒரே தடவையில் பில்டர் பக்கம் விடுவித்துவிடுவார்கள். விதிப்படி கட்டடம் கடைசி மாடி வரை எழும்பியிருக்க வேண்டும், பணம் கண்காணிப்புக் கணக்கில் இருக்க வேண்டும். நடைமுறையில் இரண்டும் பல இடங்களில் மீறப்பட்டன. குடும்பத்துக்கோ அடுத்த மாதமே முழுத் தவணை ஆரம்பம். வாடகை ஒரு பக்கம், இன்னும் கட்டாத வீட்டுக்குத் தவணை ஒரு பக்கம்.

பாதியில் நின்ற கட்டடங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘லான்வெய்லோ’, வால் அழுகிய கட்டடம். 2022 ஜூன் 30 அன்று, பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜென் நகரத்தில், எவர்கிராண்டின் ஒரு திட்டத்தில் பணம் போட்டவர்கள் சேர்ந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அக்டோபருக்குள் வேலை முழுதாகத் தொடங்காவிட்டால் நவம்பரிலிருந்து தவணை கட்ட மாட்டோம் என்பது அதன் சாரம். இரண்டு மூன்று வாரத்துக்குள் 300க்கும் மேற்பட்ட திட்டங்களில் அதே மாதிரிக் கடிதங்கள். பட்டியலைக் கிட்ஹப் என்ற வெளிநாட்டு இணையதளத்தில் சேர்த்து வைத்தார்கள், சீனத் தணிக்கையால் எளிதில் அழிக்க முடியாத இடம் என்பதால். குய்லின் போன்ற ஊர்களில் சிலர் வேறு வழி இல்லாமல் அந்தக் கட்டடங்களுக்கே குடிபோனார்கள். பூசாத சிமென்ட் சுவர், லிஃப்ட் வர வேண்டிய இடத்தில் வெறும் குழி, மின்சாரம் இல்லை, குழாய் இல்லை, எரிவாயு இல்லை. தண்ணீரைக் கேனில் தூக்கிக்கொண்டு மாடிமாடியாக ஏறினார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு ‘முதலீட்டில் நஷ்டம்’ என்ற வார்த்தையை இவர்கள் விஷயத்தில் என்னால் பயன்படுத்த முடியவில்லை.

அரசு அசையாமல் இல்லை. நின்ற கட்டடங்களை முடித்துக் கொடுக்க 2022லேயே 20,000 கோடி யுவான் சிறப்புக் கடன் ஒதுக்கினார்கள். 2024 ஜனவரியில் எந்தத் திட்டத்துக்கு வங்கி கடன் கொடுக்கலாம் என்று ‘வெள்ளைப் பட்டியல்’ வந்தது. வீடு கட்டித் தரவே முடியாது என்ற நிலையில், வாங்கியவருக்குத் திரும்ப வரவேண்டிய பணம் மற்றக் கடன்காரர்களுக்கு முன்னால் நிற்கும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பில்டரிடம் பணமே இல்லை என்றால் முன்வரிசையில் நின்று என்ன பயன் என்பது வேறு விஷயம்.

நிறையக் குடும்பங்கள் தவணை கட்டுவதையே நிறுத்திவிட்டன என்று நினைத்துவிடாதீர்கள். நடந்தது நேர் எதிர். 2023 கடைசியில்கூடப் பெரிய அரசு வங்கிகளில் வீட்டுக்கடனில் வாராக்கடன் 1 சதவீதத்துக்கும் கீழே. சீனக் குடும்பம் சாப்பாட்டைக் குறைத்தாவது தவணையைக் கட்டிவிடும். அதற்கும் மேலே போய், 2022 கடைசியிலிருந்து முன்கூட்டியே கடனை அடைக்கப் போட்டி போட்டார்கள். காரணம் எளிது: பழைய கடனுக்கு 5.88 கட்டுகிறோம், அதே கட்டடத்தில் இன்று வாங்குபவர் குறைந்த விலையும் கொடுத்து 4 சதவீதமோ அதற்கும் கீழோ கட்டுகிறார், நம் சேமிப்புக்கோ 2, 3 சதவீதம்தான் கிடைக்கிறது. வங்கிகள் வட்டி வருமானம் போகிறதே என்று முன்பதிவு, மாதக்கணக்கில் காத்திருப்பு என்றெல்லாம் இழுத்தடித்தன. கோபம் அதிகமாகி, 2023 செப்டம்பரில் பழைய கடன்களுக்கும் வட்டி குறைத்தார்கள், சராசரியாக 0.73 சதவீதப் புள்ளி. 2024 செப்டம்பரில் மறுபடி சுமார் அரை சதவீதப் புள்ளி. 5 கோடிக் குடும்பங்களுக்கு வருடம் 15,000 கோடி யுவான் மிச்சமாகும் என்று மத்திய வங்கி சொன்னது. முன்பு சொன்ன 21 லட்சம் கடனை 3.3 சதவீதத்தில் போட்டால் தவணை சுமார் 9,200. மாதம் 3,200 யுவான் குறைவு, ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை.

முன்பணத்தையும் 2024ல் 15 சதவீதத்துக்கு இறக்கிவிட்டார்கள். ஆனாலும் மொத்த வீட்டுக்கடன் நிலுவை 2022 கடைசியில் 38.8 லட்சம் கோடி யுவானாக இருந்தது, 2024 கடைசியில் 37.7 லட்சம் கோடிக்குக் குறைந்தது. கடன் மலிவாகக் கிடைக்கும்போது ஜனங்கள் கடனைக் குறைக்கிறார்கள். 2008ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 18 சதவீதமாக இருந்த குடும்பக் கடன் 60 சதவீதத்தைத் தாண்டியதைப் பார்த்த தலைமுறை அது, இப்போது கால் வைக்கப் பயப்படுகிறது. என் கணிப்பில் இந்தப் பயம் வட்டி குறைப்பால் மட்டும் போகாது.

கடைசியாகச் சாவி விஷயம். அமெரிக்காவில் சில மாநிலங்களில் வீட்டை விட்டுக்கொடுத்தால் கடன் அதோடு முடியும். சீனாவில் முடியாது. தவணை நின்றால் வங்கி வழக்குப் போட்டு, வீட்டை இணைய ஏலத்தில் விற்கும். ஏல விலை சந்தை விலையைவிடக் குறைவு. அதில் அடையாத மீதிக்குக் கடன் வாங்கியவரே பொறுப்பு, அவருடைய சம்பளமும் வேறு சொத்தும் அதற்கு ஈடு. நீதிமன்றம் செலவுக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டால் விமானத்தில் போக முடியாது, அதிவேக ரயிலில் போக முடியாது, பிள்ளையை அதிகக் கட்டணத் தனியார் பள்ளியில் சேர்க்க முடியாது. பணம் இருந்தும் கட்டாதவர் என்று தீர்மானித்தால் பெயரும் பகிரங்கப் பட்டியலில் ஏறும். முன்பணத்தை ஆறு பர்ஸிலிருந்து எடுத்தவருக்கு, வீட்டை விடுவது என்றால் தாத்தா பாட்டியின் காசையும் சேர்த்து விடுவது.

தனிநபர் திவால் சட்டம் என்று நாடு முழுவதற்கும் ஒன்று இன்னும் இல்லை. நேர்மையாக நொடித்துப்போனவர் நீதிமன்றத்துக்குப் போய், சில வருடக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு மீதிக் கடனிலிருந்து விடுதலை பெறும் வழியை 2021 மார்ச்சில் சட்டமாகவே கொண்டுவந்தது ஷென்சென். அதுவும் அந்த ஊரில் வசித்து, குறைந்தது மூன்று வருடம் தொடர்ந்து சமூகக் காப்பீடு கட்டியவருக்கு மட்டும்.